ஆண் ‘பால் பைத்தான்’ பாம்பின் குளிர்கால விரதம்: சில பருவங்கள் வளர்த்துப் பார்த்தபின்

நவம்பர் நெருங்கினாலே ஆண் ‘பால் பைத்தான்’ (ball python, பந்துபோலச் சுருளும் சிறிய மலைப்பாம்பு) வளர்ப்பவர்களுக்குக் கலக்கம் தொடங்கிவிடும். அதுவரை எலியை இடுக்கியில் நீட்டியதும் பாய்ந்து பிடித்த பாம்பு, இப்போது நாலு தடவை நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். வட அரைக்கோளத்தில் இது மார்ச், ஏப்ரல் வரைகூட நீளும். சுமார் 700 கிராமைத் தாண்டிய ஆண்களிடம்தான் அதிகம் பார்க்கலாம். இணை தேடும் பருவத்தில் இரைக்கு இரண்டாம் இடம், அவ்வளவுதான். கனடாவின் மனிடோபாவில் உள்ள நார்சிஸில் வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கில் வெளிவரும் கார்ட்டர் பாம்புகளிலும் ஆண்கள் இணை சேரும் நாட்களில் இரை எடுப்பதில்லை. கார்ன் ஸ்னேக் வளர்ப்பவர்கள் இதே கூத்தைக் குளிர்காலத்தில் அல்ல, வசந்தத்தில் பார்ப்பார்கள்.

ஆனால் குளிர்காலத்தில் பட்டினி கிடக்கும் ஒவ்வொரு ஆணும் பருவத்தால்தான் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதிச் சமயம் குற்றவாளி ஹீட்டர்தான். பாம்புத் தொட்டிக்கு அடியில் ஒட்டிய ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) தரையை 32 டிகிரியில் வைத்திருக்கும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் 32 என்றே காட்டும். அறை 18 டிகிரிக்கு இறங்கியிருந்தால் தொட்டிக்குள் இருக்கும் காற்றும் அதோடு சேர்ந்து இறங்கியிருக்கும். அந்தக் குளிரில் பாம்பு இரை எடுக்காது. கட்டாயப்படுத்தி ஊட்டினால் செரிக்காமல் கக்கிவிடும், மூச்சுத் தொற்றும் அப்படித்தான் வரும். சூடான பக்கத்தின் தரை 32, குளிர்ந்த பக்கத்தின் காற்று 25 முதல் 27 டிகிரி. இரண்டையும் தனித்தனி புரோப் (தெர்மாமீட்டரின் உணரிமுனை) வைத்து அளக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் முள் தெர்மாமீட்டர் காசுக்குக் கேடு. இன்ஃப்ராரெட் துப்பாக்கி நல்லதுதான், ஆனால் காற்றை அளக்காது. கண்ணாடி வழியாகக் குறிவைத்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும்.

காற்று குளிர்ந்தால் தெர்மோஸ்டாட்டை 36க்கு ஏற்றுவது தீர்வல்ல. தரைதான் அதிகமாகச் சுடும். மேலிருந்து சூடு தரும் ரேடியன்ட் பேனல் அல்லது கம்பிக்கூண்டு போட்ட செராமிக் ஹீட்டர் பொருத்தி, தொட்டியின் மூன்று பக்கமும் வெளியிலிருந்து தெர்மோகோல் பலகை வைத்தால் போதும். காற்றோட்டத் துளைகளை மட்டும் மூடக் கூடாது. செராமிக் ஹீட்டர் காற்றை உலர்த்தும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் சட்டை துண்டு துண்டாக உரியும், கண் மேல் உள்ள மூடியும் வால்நுனியும் உரியாமல் நிற்கும். அதனால் ஒரு ஹைட்டுக்குள் (பாம்பு ஒளிந்துகொள்ளும் பெட்டி) ஈரமான ஸ்பாக்னம் பாசியை வைத்துவிடுவது நல்லது.

சூடும் ஈரமும் சரியாக இருந்தும் இரையை ஒதுக்குகிறது என்றால் நடத்தையைப் பாருங்கள். பகல் முழுக்க ஹைட்டுக்குள் சுருண்டு கிடந்த ஆண், விளக்கை அணைத்ததும் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வரும். நகரும் கண்ணாடிகள் சேரும் இடுக்கில் மூக்கை வைத்துத் தள்ளும். மூக்கு நுனி சிவந்து செதில் தேயத் தொடங்கினால் கண்ணாடியின் அடிப்பகுதி 10 சென்டிமீட்டரைக் கருப்புத் தாளால் மறைத்து, நடுவில் இன்னொரு ஹைட் வையுங்கள். அதே அறையில் பெண் இருந்தால் அலைச்சல் கூடும். பெண்ணைத் தொட்ட கையோடு ஆணைத் தொடாமல் கழுவிவிட்டுத் தொடுவது நலம்.

இந்தப் பருவத்தில் பலரைப் பயமுறுத்தும் இன்னொன்று, தரைப்படுக்கையில் கிடக்கும் மஞ்சள் கலந்த வெள்ளையான, மெழுகு போன்ற சிறு துண்டு. புழு என்று நினைத்து உடனே மருந்து தேடுவார்கள். அது காய்ந்த விந்துக் கட்டி. தானாக வெளியே வந்திருந்தால் கவலையே வேண்டாம். கழிவுத் துவாரத்துக்குப் பின்னால், வாலடியின் ஒரு பக்கம் மட்டும் வீங்கிக் கெட்டியாக இருந்தால் கட்டி உள்ளே சிக்கியிருக்கலாம். அதைப் பிதுக்கி எடுக்க முயலாமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வாங்கிய சாமான்களில் காசுக்கு அதிகம் உழைத்தது எது என்றால், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கழிவு போனபின், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து எடைபோட்டுத் தேதியோடு எழுதி வைத்தால் பாதிப் பயம் தீரும். 1,200 கிராம் ஆண் மூன்று மாதத்தில் 50, 60 கிராம் இழப்பது சாதாரணம். 1,080க்குக் கீழே போனால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பருவம் என்று சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது. எடை நன்றாக இருந்தாலும் மூச்சில் விசில் சத்தம், வாயில் நுரை, முதுகெலும்பு கூராகத் தெரிவது, யூரேட் (பாம்பின் கெட்டியான சிறுநீர்க் கழிவு) வெள்ளையாக இல்லாமல் ஆரஞ்சாக வருவது, இவற்றில் எதைக் கண்டாலும் மருத்துவர்தான்.

விரத நாட்களில் வாராவாரம் எலியை நீட்டுவதால் எலிதான் வீணாகும், பாம்புக்கும் தொந்தரவு. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். உறைந்த எலியை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் உறையோடு 40 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, தலைப்பக்கம் 38 டிகிரி வந்ததும் இருட்டியபின் நீட்டுங்கள். கொதிநீரில் போட்டால் எலியின் வயிறு வெடிக்கும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். தொடாத எலியைக் காலையில் எறிந்துவிடுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள். உயிர் எலி கொடுத்தால் ஆசை வரும் என்பார்கள். பசியில்லாத பாம்போடு உயிர் எலியை விட்டுப்போனால் எலிதான் பாம்பைக் கடித்துக் குதறும். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் ஒருநாளும் காலியாக விடக் கூடாது.

சாயங்காலத்தில் ஹைட் வாசலில் தலையை மட்டும் நீட்டிக் கழுத்தை ‘எஸ்’ போல மடக்கி அசையாமல் இருந்தால் வேட்டைக்குத் தயார் என்று அர்த்தம். அன்றைக்குப் பழைய 70 கிராம் எலியைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் இரை 35, 40 கிராம் போதும். பத்து நாள் கழித்து அதே அளவு, மூன்றாவதாக 50, அதன் பிறகுதான் வழக்கமான அளவும் இடைவெளியும். இழந்த எடையை ஒரே மாதத்தில் மீட்கப் பார்த்தால் கக்கிவிடும். கக்கினால் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீர் மட்டும், பிறகு முதல் இரையைவிடச் சின்னதாக ஆரம்பிக்க வேண்டும். மறுபடியும் கக்கினால் அந்த எலியை உறையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள், பரிசோதனைக்கு உதவும்.