வீட்டுத் தின்பண்டத் தொழிலுக்கான அரசுப் பதிவுகள்: சேவைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

வீட்டில் முறுக்கும் இட்லிப் பொடியும் செய்து அக்கம்பக்கத்தாருக்கு விற்று வந்த எங்கள் அண்ணி, அவற்றைப் பொட்டலமிட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தபோது, அதற்கான அரசுப் பதிவுகளை உடனிருந்து செய்து தரும் பொறுப்பு எனக்கு வந்தது. தமிழ்நாட்டில் இத்தகைய தொழிலைத் தொடங்குவோர் பயன்படுத்த வேண்டிய இணையச் சேவைகளை அந்த அனுபவத்தை வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். கட்டணத்தைப் பொறுத்தவரை இவற்றைக் குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் எந்தப் பதிவு நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதை நாமே தெரிந்துகொண்டுதான் இவற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது என்பதே இவற்றின் பெரிய குறை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். எங்களிடமும் ஒருவர் இலவசப் பதிவு உட்பட எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கி, பல ஆயிரம் ரூபாய் கேட்டார்.

முதலில் செய்ய வேண்டியது உணவுப் பாதுகாப்புப் பதிவு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளம் 2020 முதல் இதற்கெனச் செயல்படுகிறது. 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு தயாரிப்பாளர்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்து, பதிவு மட்டும் போதும் என்று வகுத்தன. அதற்கான கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். விண்ணப்பத்துக்குப் புகைப்படமும் அரசு அடையாள அட்டையும்தான் முக்கியம். அதே விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு: விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் பதிவு வழங்கவோ, மறுக்கவோ, ஆய்வுக்கு உத்தரவிடவோ வேண்டும், இவற்றில் எதுவும் நடக்காவிட்டால், விண்ணப்பித்தவர் தொழிலைத் தொடங்கிவிடலாம். கோப்பு நகரவில்லை என்பதற்காகச் சிறு தொழிலாளியின் அடுப்பு அணைந்து கிடக்கக் கூடாது என்று யோசித்து எழுதப்பட்ட விதி இது.

இந்தத் தளத்தில் நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி, தொழில் வகையையும் உணவு வகையையும் தேர்வு செய்வது. கடையில் விற்பது சில்லறை விற்பனை என்ற எண்ணத்தில் பலர் சில்லறை விற்பனையாளர் என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அப்படிப் பெற்ற பதிவு விற்பதற்குத்தான் செல்லுமே தவிர, தயாரிப்பதற்குச் செல்லாது. உணவு வகைப் பட்டியலில் முறுக்கு, மிக்சர் போன்ற காரவகைகள் ஒரு பிரிவிலும், மசாலாப் பொருட்கள் வேறொரு பிரிவிலும் வருகின்றன; இரண்டையும் செய்பவர் இரண்டையும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு செய்யும் இடத்திலேயே இரண்டொரு எடுத்துக்காட்டுகளுடன் இதை எளிய தமிழில் விளக்கிவிட்டால், பாதிப் பேருக்குத் தரகரின் உதவியே தேவைப்படாது.

பதிவு கிடைத்ததும் கடமை முடிந்துவிடுவதில்லை. விதிகளின் 4ஆம் அட்டவணை, சமைக்கும் இடம், தண்ணீர், பாத்திரங்கள், வேலை செய்பவரின் தூய்மை ஆகியவை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சிறு தயாரிப்பாளர்களுக்கு அதன் முதல் பகுதி பொருந்தும். முறுக்கு சுடுபவர்கள் எண்ணெய் பற்றிய விதியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் மொத்தத் துருவச் சேர்மங்களின் (எண்ணெய் கெட்டுவிட்டதைக் காட்டும் பொருட்களின்) அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைகள் தின்னும் பண்டத்தில் இதைக் கடைப்பிடிப்பது, ஆய்வாளர் வருவாரோ என்ற பயத்தால் செய்ய வேண்டிய காரியம் அல்ல.

அடுத்தது உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சேவை, நான் பார்த்த அரசுத் தளங்களிலேயே மிகச் சீராக அமைந்தது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. இது தொழில் நடத்துவதற்கான அனுமதி அல்ல. குறு, சிறு நிறுவனம் என்ற அங்கீகாரம் மட்டுமே. வங்கிக் கடனுக்கும், மாவட்டத் தொழில் மையத்தின் வழியே வரும் மானியத் திட்டங்களுக்கும் இது உதவுகிறது. தேடுபொறியில் தேடினால் இதைப் போன்ற பெயரும் தோற்றமும் கொண்ட தனியார் தளங்கள் வந்து கட்டணம் கேட்கும். முகவரியின் முடிவில் அரசுத் தளங்களுக்கு உரிய .gov.in என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பொருட்களை மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. பெங்களூருக்கோ பாலக்காட்டுக்கோ சரக்கு அனுப்பத் தொடங்கினால் இந்த விலக்கு பொருந்தாது.

இவ்வளவையும் முடித்தவர்கள் தடுமாறும் இடம் பொட்டலத்தின் மீது ஒட்டும் லேபிள். மேலே சொன்ன இரண்டு பதிவுகளில் எதை முடித்தாலும், லேபிளில் எதையெல்லாம் அச்சிட வேண்டும் என்ற பட்டியல் சான்றிதழோடு கைக்கு வருவதில்லை. ஏனெனில், அது இரண்டு தனித்தனிச் சட்டங்களின் கீழ் வருகிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 14 இலக்கப் பதிவு எண், அளவின் இறங்குவரிசையில் சேர்மானங்கள், சைவ உணவுக்கான பச்சை வட்டக் குறி, தொகுப்பு எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்ற விவரம் ஆகியவை வேண்டும். சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரிப்பாளரின் முழு முகவரி, நிகர எடை, எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச விற்பனை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவற்றோடு அலகு விலையும் வேண்டும். அதாவது, 200 கிராம் முறுக்குப் பொட்டலத்தின் விலை 80 ரூபாய் என்றால், ஒரு கிராமின் விலை 0.40 ரூபாய் என்றும் அச்சிட வேண்டும். இந்த விதிகளின் கீழ் பொட்டலமிடுபவர் தனியாகப் பதிவும் செய்துகொள்ள வேண்டும். தொழில் தொடங்கிய 90 நாட்களுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தின்பண்டம் செய்பவர்களில் இதைக் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். அச்சகத்தார் ஏதோ ஒரு பழைய லேபிளைப் பார்த்து அப்படியே வடிவமைத்துக் கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கில் அச்சடித்த பிறகு ஒரு வரி விடுபட்டது தெரிந்தால், நூறு ரூபாய்ப் பதிவில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். ஆகவே, முதல் முறை குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு, உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும், எடையளவு விதிகளைக் கவனிக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் ஒரு மாதிரியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். பெயரிலும் கவனம் தேவை. மணப்பாறை முறுக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டதால், வேறு ஊரில் சுட்ட முறுக்கை அந்தப் பெயரில் விற்க முடியாது.

உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் ஊருக்கு ஊர் மாறுபடுவதால், அதை உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் நேரில் விசாரிப்பதே சரி. வாடகை வீட்டில் தொழில் செய்பவர், வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தையும் சொத்து வரி ரசீதின் நகலையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தலாமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, தேவைப்பட்டால் கட்டணப் பிரிவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இணையச் சேவைகளில் உத்யம் தளத்துக்கு ஐந்தில் ஐந்து கொடுப்பேன். கட்டணத்துக்காகவும் காலக்கெடு விதிக்காகவும் ஃபாஸ்காஸ் பதிவுக்கு நான்கு. லேபிள் விதிகளைத் தேடிப் படிக்க வேண்டிய நிலைக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. இதைப் படித்துவிட்டுத் தொழில் தொடங்குபவர்கள், பொட்டலம் போடும் மின்னணுத் தராசை மறந்துவிட வேண்டாம்; தொழிலாளர் துறையின் முத்திரை அதற்கும் ஆண்டுதோறும் தேவை.