டோஸ்ட்மாஸ்டர்ஸா, பட்டிமன்றமா? பெங்களூருல பேசப் பழக எங்க போகலாம்

பெங்களூருல வேலை பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இதே பிரச்சனைதான், விஷயம் தெரியும், ஆனா மீட்டிங்ல நாலு பேர் திரும்பிப் பாத்தா தொண்டை அடைச்சுக்கும். பழகணும்னா முதல்ல டோஸ்ட்மாஸ்டர்ஸ்னு மேடைப்பேச்சு பழகுற கிளப்புக்கு போங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா அங்க அடுத்தவங்க பேச்சை காது குடுத்து கேக்குறதையும் ஒரு வேலையாவே குடுத்துடுவாங்க.

1924ல கலிஃபோர்னியாவுல ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பிச்சது. தயார் பண்ணிட்டு வர்ற பேச்சு பெரும்பாலும் 5லிருந்து 7 நிமிஷம், நேரம் தெரிய அஞ்சாவது நிமிஷத்துல பச்சை, ஆறுல மஞ்சள், ஏழுல சிவப்புன்னு சிக்னல் காட்டுவாங்க. நீங்க பேசும்போது ஒருத்தர் பேப்பர் வெச்சுக்கிட்டு எத்தனை "ம்ம்", எத்தனை "ஸோ", எத்தனை "ஆக்சுவலி"ன்னு கோடு போட்டுட்டே இருப்பார், இன்னொருத்தர் அப்புறம் எழுந்து 2, 3 நிமிஷம் உங்க பேச்சைப் பத்தியே பேசுவார், "வலது பக்கம் உக்காந்தவங்கள நீங்க பாக்கவே இல்ல, அந்தக் கதைய சொல்லி முடிச்சதும் ஒரு மூச்சு நின்னிருக்கலாம்"னு அவ்ளோ துல்லியமா. அத சொல்லணும்னா அவர் எப்படி கேட்டிருக்கணும் பாருங்க! அதனால சேர்ந்ததும் மேடை ஏற அவசரப்படாம அந்த கோடு போடுற வேலைய கேட்டு வாங்குங்க, அடுத்தவங்க "ம்ம்"ம எண்ணிப் பழகினா நம்ம "வந்து... வந்து..." நமக்கே காதுல விழ ஆரம்பிக்கும்.

பட்டிமன்றம் வேற ரகம். அல்சூர் ஏரி பக்கம் தமிழ்ச் சங்கம் இருக்கு, பொங்கல் நேரத்துல அபார்ட்மென்ட்லயும் மேடை போடுறாங்க. குரலுக்கும் உணர்ச்சிக்கும் இத அடிச்சுக்க முடியாது, சொந்த மொழியில பேசுறப்ப கை தானா எழும்பும். மூணாவதா பேசுறவர் மனப்பாடம் பண்ணிட்டு வந்தா மாட்டிப்பார், எதிரணி இப்பதான் சொன்னத எடுத்து பதில் சொன்னாத்தான் கைத்தட்டல், நடுவரும் ரெண்டு பக்கத்தையும் கேட்டுத்தான் தீர்ப்பு சொல்லணும். ஆனா கீழ இறங்குனா "சூப்பரா பேசுனீங்க"ன்றதோட சரி, எங்க சறுக்குனோம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, புதுசா வர்றவங்களுக்கு அதுதான் பெரிய குறை.

காசு வாங்குற ரெண்டு நாள் கோர்ஸ் எனக்கு ஒத்து வரல, வாராவாரம் பழகாம இது ஒட்டாது.

டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல சில கிளப் கம்பெனிக்குள்ள இருக்கவங்களுக்கு மட்டும்தான், வெளியாளுக்கு திறந்த கிளப்பா தேடுங்க, விருந்தாளியா போய் ஒரு மீட்டிங் முழுசா உக்காந்து கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க.