வலது கீழறையை அளக்க எக்கோ போதுமா, எம்ஆர்ஐ வேண்டுமா?

ஃபாலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் கோளாறுக்குச் சின்ன வயதிலேயே ஆபரேஷன் முடித்த பிள்ளைகளின் அம்மாக்கள் எக்கோ அறையில் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "தம்பி, வருஷா வருஷம் இதைத்தானே எடுக்கிறோம், இப்ப எதுக்கு எம்ஆர்ஐ வேற எழுதியிருக்காங்க? இதுல சரியாத் தெரியலையா?" நியாயமான கேள்வி. சிலது எக்கோவில் நன்றாகவே தெரியும். சிலது தெரியாது.

இந்த ஆபரேஷனில் இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டையை அடைத்து, வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகிற குறுகிய பாதையை ஒட்டுப் போட்டு அகலமாக்குகிறார்கள். பல பிள்ளைகளுக்கு அந்த ஒட்டு, பாதையில் இருக்கிற வால்வையும் தாண்டிப் போவதால் அந்த வால்வு சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் வலது கீழறைக்கே திரும்பி வரும். பிள்ளை ஓடியாடி நன்றாகத்தான் இருக்கும், கீழறை மட்டும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் விரிந்துகொண்டே போகும். புது வால்வைச் சீக்கிரம் வைத்தால் அதுவும் ஒருநாள் தேய்ந்து மறுபடி மாற்ற வேண்டிவரும், ரொம்பத் தாமதித்தால் கீழறை பழைய அளவுக்குத் திரும்பாமல் போகலாம். எப்போது வைப்பது என்று முடிவு செய்யத்தான் இத்தனை அளவுகளும்.

எக்கோவுக்கு ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, குழந்தையை அப்பா மடியில் வைத்தே எடுத்துவிடலாம். பாதை மறுபடி குறுகுகிறதா, கீழறையில் அழுத்தம் ஏறுகிறதா என்று வருடாவருடம் பார்க்க அதைவிட வசதியானது இல்லை.

சிக்கல் கீழறையின் வடிவத்தில் இருக்கிறது. வலது கீழறை பிறை மாதிரி இடதைச் சுற்றி வளைந்திருக்கும், அதன் முன்பக்கம் நெஞ்செலும்புக்கு நேர் பின்னால். விரிந்த கீழறை என்றால் நெஞ்சில் வைக்கிற எக்கோ ப்ரோபை எப்படிச் சாய்த்தாலும் ஒரு சுவர் படத்துக்கு வெளியே போய்விடும். அதனால் கொள்ளளவுக்குப் பதிலாக டேப்ஸி என்ற அளவை எடுக்கிறோம்: வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வின் வெளி ஓரத்தில் கோடு வைத்து, அது ஒரு துடிப்பில் இதய நுனியை நோக்கி எத்தனை மி.மீ. நகர்கிறது என்று பார்ப்பது. பெரியவர்களுக்கு 17-க்குக் கீழே போனால் குறைவு. இந்தக் கணக்கைச் சின்னப் பிள்ளைக்கு அப்படியே வைக்கக் கூடாது, பிறந்த குழந்தைக்கு 9 மி.மீ. இருந்தாலே இயல்புதான்.

பெரிய பிள்ளைக்கும் டேப்ஸியை மட்டும் நம்ப முடியாது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த பிறகு, கீழறை நன்றாக இயங்கினாலும் டேப்ஸி குறைந்துதான் காட்டும். ரிப்போர்ட்டில் 14 என்று பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்த அப்பாக்களை எனக்குத் தெரியும், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒட்டுப் போட்ட இடம் தசை இல்லை, அது சுருங்காது. டேப்ஸி நன்றாக இருந்தாலும் அந்த இடத்தின் கதையை அது சொல்லாது.

இங்கேதான் எம்ஆர்ஐ முந்துகிறது. கீழறையை ரொட்டித் துண்டுகள் மாதிரி வரிசையாகப் படமெடுத்து, ஒவ்வொரு துண்டிலும் உள்விளிம்பை வரைந்து கூட்டி, கொள்ளளவை மில்லியில் தருகிறது. திரும்பி வருகிற ரத்தம் எத்தனை சதவீதம் என்பதும் கிடைக்கும். இந்த அளவுகளுக்கு மருந்து ஊசிகூடத் தேவையில்லை, தழும்பு பார்க்கத்தான் அது. கசிவு அதிகம் இருந்து அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு, உடல்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு, விரிந்த நிலையில் 160 மில்லியை, சுருங்கிய நிலையில் 80 மில்லியை நெருங்கினால் வால்வு பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். எக்கோவை மட்டும் வைத்து இந்த முடிவை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முப்பரிமாண எக்கோ வந்துவிட்டதே என்பார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் எம்ஆர்ஐயைவிடக் கொள்ளளவைக் குறைத்தே காட்டும். அதனால் போன வருட எக்கோ எண்ணையும் இந்த வருட எம்ஆர்ஐ எண்ணையும் பக்கத்தில் வைத்து "ஏறிடுச்சே" என்று பயப்படாதீர்கள்.

எம்ஆர்ஐயின் கஷ்டம் வேறு மாதிரி. முக்கால் மணி நேரம் குழாய்க்குள் அசையாமல் படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை வீட்டில் பத்து எண்ணும்வரை மூச்சடக்கிப் பழகினால் சமாளித்துவிடும், நாலு வயதுக்குப் பெரும்பாலும் மயக்கம் தேவைப்படும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுக்கவே முடியாதவர்களுக்கு சிடி ஸ்கேன் இருக்கிறது, நொடிகளில் முடியும், கதிர்வீச்சும் சாய மருந்தும் உண்டு. வால்வு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதயத்தின் சொந்த ரத்தக்குழாய் ஓடுகிறதா என்று பார்க்க அது ரொம்ப உதவும்.

அப்புறம் ஒன்று. எம்ஆர்ஐயில் விளிம்பை எப்படி வரைகிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் எண்ணும் மாறும். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். இடம் மாற வேண்டியிருந்தால் ரிப்போர்ட் தாளோடு பழைய எம்ஆர்ஐ படங்கள் பதிந்த தட்டையும் கொண்டு போய், பழைய படம், புதுப் படம் இரண்டையும் ஒருவரே அளந்து சொல்லும்படி கேளுங்கள்.