பெயின்ட் பார்த்து வாங்கிய மோரிஸ் மைனர்: ஏழு ஆண்டுக்குப் பிறகு

மோரிஸ் மைனர் காடியை (மலேசியாவில் நாங்கள் காரை அப்படித்தான் சொல்வோம்) வாங்கிய அன்று நான் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. சுங்கை பட்டாணியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதை முடித்துக்கொண்டு வரும் வழியில் அப்படியே பட்டர்வொர்த் பக்கம் காடியைப் பார்க்கப் போய்விட்டேன். இடுப்பில் கரை வைத்த வெள்ளை வேட்டி. தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பார்த்தால் அழுக்காகிவிடுமே என்று நின்றபடியே சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த வேட்டியைக் காப்பாற்றியதற்கு அடுத்த இரண்டு வருஷத்தில் 11,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன்.

காடி 1959-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. நான்கு கதவு, 948 சிசி, வெளிர் பச்சை. 2018 மார்ச்சில் 32,000 வெள்ளிக்கு வாங்கியது. மீட்டரில் மைல் கணக்கு. கிலோமீட்டராக மாற்றினால் நான் மட்டும் ஓட்டியது 21,000-க்குக் கொஞ்சம் மேல். துணி போர்த்தி வைத்துக் கும்பிடுகிற ஆள் நான் இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே எடுப்பேன். மார்க்கெட், கோயில், மழையில்லாத ஞாயிற்றுக்கிழமை என்றால் பினாங்குத் தீவின் அந்தப் பக்கம் இருக்கும் பாலிக் புலாவ்.

ஏன் மோரிஸ் மைனர் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. சின்ன வயதில் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா) ஒன்று வைத்திருந்தார். அதன் சத்தத்தை வைத்தே அவர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார் என்று தெரிந்துகொள்வோம். 1948-இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்த இந்தக் காடியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னால் மினி காரைச் செய்தவரும் அவரே. மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த என் மைத்துனர் இதைப் பார்த்ததும், "என்ன மச்சான், அம்பாசடர் குட்டி போட்டுவிட்டதா?" என்றார். அவர் சொன்னது பெரிய தப்பில்லை. அம்பாசடருக்கு மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்ட், இதற்கு அண்ணன் முறை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விற்றவர் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை "ஃபுல் ரெஸ்டோர்", அதாவது முழுசாகப் புதுப்பித்தது. அந்தச் சொல்லுக்கு அளவுகோல் எதுவும் கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெயின்டை வெறும் தகரம் தெரியும் வரை சுரண்டி, துரு தின்ற இடத்தை வெட்டி எறிந்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்தவரும் ரெஸ்டோர் என்கிறார். துருவின் மேலேயே புட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்து, பளபளவென்று பம்பர் மாட்டியவரும் அதையேதான் சொல்கிறார். வேலை முடிந்த அன்று இரண்டும் ஒரே மாதிரி மின்னும். இரண்டு மழைக்காலம் போக வேண்டும், எது எதுவென்று தெரிய.

என் காடிக்கு ஒரே மழைக்காலம் போதுமாக இருந்தது. அந்த வருஷக் கடைசியில் ஓட்டுநர் பக்கத்துக் கார்ப்பெட் காயாமலே கிடந்தது. ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று நினைத்து ஜன்னல் ரப்பரை மாற்றினேன். வீண் செலவு. கடைசியில் ஜெலுத்தோங்கில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எழுபது வயதுக்காரர், தொழில் பழகியதே இந்த மாதிரிக் காடிகளில். அவர் போனட்டைத் திறக்கக்கூட இல்லை. அடியில் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கினார். "தம்பி, இப்போ முன்கதவைத் திறந்து சாத்துங்க" என்றார். திறந்தது. சாத்தினால் பூட்டில் வந்து உட்காரவில்லை. தரையில் நின்றபோது சரியாக இருந்த இடைவெளி, தூக்கியதும் மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தது.

"நடுவில எலும்பு இல்ல" என்றார்.

இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. லாரி, ஜீப்புக்கெல்லாம் கீழே தனியாக ஒரு சட்டம் உண்டு. அதன் மேல் உடம்பு உட்காரும். மோரிஸ் மைனருக்கு முழு நீளச் சட்டம் கிடையாது. தரைத் தகரம், அதன் குறுக்கே ஓடும் கட்டை, கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை போகும் பெட்டி – இதைச் சில் என்பார்கள் – இவை சேர்ந்துதான் காடியைத் தாங்குகின்றன. சில் உளுத்துப்போனால் காடி நடுவில் தொய்யும். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

என் காடியின் சில்லில் வெளியே புதுத் தகரம் ஒட்டியிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரால் மெக்கானிக் அண்ணன் ஓர் ஓரத்தில் குத்தினார். உள்ளே போய்விட்டது. வெட்டித் திறந்தபோது பழைய சில் துருப்பொடியாகக் கொட்டியது. கூடவே கசக்கித் திணித்த மலாய்ப் பத்திரிகைத் தாள், அதன் மேல் விரல் கனத்துக்குப் புட்டி. தாளில் பந்து விளையாட்டுச் செய்தி. ஒரு சிரிப்பும் வரவில்லை அன்று.

இரண்டு பக்கச் சில், குறுக்குக் கட்டை, ஓட்டுநர் பக்கத் தரை, எல்லாமாக 7,800 வெள்ளி. தகரப் பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அந்த வகையில் மோரிஸ் வைத்திருப்பவன் அதிர்ஷ்டசாலி. இதே வயது ஜப்பான் காடி வைத்திருக்கும் நண்பர் ஒரு கதவுக்காக இரண்டு வருஷமாகப் பழைய பாகம் விற்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்.

இப்போது யாராவது பழைய காடி பார்க்கத் துணைக்குக் கூப்பிட்டால் பழைய கால்சட்டை போட்டுக்கொண்டு, ஒரு காந்தமும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். காந்தம் என்றால் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம் போதும். பெயின்ட் கீறாமலிருக்க மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். நல்ல தகரத்தில் கவ்விப் பிடிக்கும். புட்டி கனமாக உள்ள இடத்தில் வழுக்கி விழும். மோரிஸில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டியது முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ் மூலை, கதவின் அடி விளிம்பு, சில், பின்சக்கர வளைவு. அப்புறம் படுத்துக்கொண்டு பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம். அங்கே துரு இருந்தால் எனக்குப் பேச்சே இல்லை, எழுந்து வந்துவிடுவேன். அடிப்பாகம் முழுக்கப் புதுசாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்பு அடித்த தார் துருவைத் தடுக்காது, மறைக்கும்.

பினாங்கில் துருவுக்குப் பயப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. தீவில் எங்கே நின்றாலும் கடற்காற்று. கடலோர அடுக்குமாடியில் திறந்தவெளியில் நிற்கிற காடியும் மலையோரம் கூரைக்குள் நிற்கிற காடியும் ஒரே வயதானாலும் ஒரே காடி இல்லை. எங்கே நிறுத்தி வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை, அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது படங்கள். உண்மையாகவே பிரித்து வேலை செய்தவர் கைப்பேசியில் ஐம்பது படமாவது வைத்திருப்பார். பெயின்ட் இல்லாத வெறும் உடம்பு, வெட்டிய இடம், வெல்டிங் கோடு. ஒரு படத்திலாவது நம்பரோ, அடையாளம் தெரிகிற வேறு ஏதாவதோ இருக்க வேண்டும். அடுத்தவர் காடியின் படத்தைக் காட்டி ஏமாற்றுவதும் நடக்கிறது. என்னிடம் விற்றவர், "போன் மாற்றும்போது எல்லாம் போய்விட்டது பாஸ்" என்றார். நம்பினேன்.

பிரேக். இதில் நான் தப்பித்தது என் சாமர்த்தியம் இல்லை. மோரிஸ் மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் கட்டைக்குள் புதைந்திருக்கிறது. எண்ணெய் அளவு பார்க்கவே கார்ப்பெட்டைத் தூக்கி ஒரு மூடியைக் கழற்ற வேண்டும். அதனாலேயே ரெஸ்டோர் செய்கிறவர்கள் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே குழாய் வட்டம். ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கிலும் பிடிப்பு போய்விடும். பாலிக் புலாவ் மலைப்பாதையில் இறங்கும்போது ஒருநாள் பெடல் மெதுவாகத் தரையைத் தொட்டது. இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு டுரியான் கடை முன்னால் நிறுத்தினேன். பக்கத்தில் என் மனைவி. வீடு போய்ச் சேரும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே இன்ஜினை உறுமவிட்டுக் காட்டுவதைப் பார்த்து மயங்காமல், காடி நிற்கும்போதே பெடலை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் உள்ளே ரப்பர் போய்விட்டது. 1962-க்குப் பிறகு வந்த 1098 சிசி மாடலில் முன் டிரம் 8 அங்குலம். என்னுடையது போன்ற 948-இல் 7 அங்குலம்தான். சிலர் முன்னால் டிஸ்க் போட்டுவிடுகிறார்கள். அசல் போய்விட்டது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் சுளிக்க மாட்டேன்.

முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் மறை போட்ட ஒரு முட்டு இருக்கிறது, டிரனியன் என்பார்கள். கிரீஸ் காய்ந்து மறை தேய்ந்தால் ஒருநாள் கழன்று சக்கரம் மடிந்து படுத்துவிடும். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். கிரீஸ் ஏற்றும் முனைகளான நிப்பிள்களுக்கு மேலேயே பெயின்ட் அடித்திருந்தால் ஓட்டியவர் கிரீஸ் அடித்ததே இல்லை என்று பொருள். நான் 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அடிக்கிறேன்.

வயரிங்கைப் பற்றிச் சுருக்கமாக: டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு மூன்றுக்கு மேல் இருந்தால் முழு வயரிங் மாற்றும் காசை விலையில் கழித்துவிடுங்கள். என் காடியின் காலத்து மோரிஸில் பேட்டரியின் நேர்முனைதான் உடம்பில் சேரும். யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று கேட்காமல் ரேடியோ மாட்டினால் ரேடியோ போய்விடும். எனக்குப் போனது.

விசித்திரம் என்னவென்றால், வாங்கும்போது நான் மிகவும் பயந்த இன்ஜின்தான் இந்த ஏழு வருஷத்தில் குறைந்த தொல்லை கொடுத்தது. மினியில் இருக்கும் அதே ஏ சீரிஸ் குடும்பம். பாகம் சுலபமாகக் கிடைக்கிறது, கைக்கு எட்டுகிற இடத்தில் எல்லாம் இருக்கிறது. பார்க்கப் போகும் முன் "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து இன்ஜின் என்பதால், கடினமான வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இரண்டாம் கியரில் கரகரவென்று கத்தினால் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. முதல் கியர் கத்துவது அதன் பிறவிக் குணம்.

சூடு மட்டும் எங்கள் ஊர்ப் பிரச்சினை. காலை எட்டு மணிக்கு ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள், மத்தியானம் ஒரு மணிக்கு நெரிசலில் ஓட்டுங்கள். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், அதன் நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வெப்பமானி ஏறினால் ஒதுங்க இடம் தேடித் தவிக்க வேண்டும். ரேடியேட்டரின் உள்கூட்டை மாற்றி, மின்விசிறி ஒன்று சேர்த்த பிறகு அந்தக் கவலை விட்டது. ஏர்கோன் கிடையாது. மனைவி தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போது மட்டும் இதில் ஏறுவார், அதுவும் விடியற்காலையில்.

பத்திரம் சரியாக இருந்ததுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். கெரானில் (காடியின் பதிவுப் பத்திரம்) உள்ள சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் காடியில் உள்ளதோடு வைத்துப் பார்த்தேன். இந்த ஊரில் நிறைய மோரிஸ்களுக்கு டட்சன் இன்ஜின் போட்டுவிட்டார்கள். போட்டதில் தப்பில்லை, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யில் பதியாமல் விட்டதுதான் தப்பு. பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் வாகனச் சோதனையில் நம்பர் பொருந்தாவிட்டால் காடி உங்கள் வாசலில் நிற்கும், பெயர் இன்னொருவருடையதாக இருக்கும். 1000 சிசி-க்குள் என்பதால் என் ரோட் டாக்ஸ் ஆண்டுக்கு 20 வெள்ளி. 1098 என்றால் 55. காப்புறுதிக்கு முதலில் மூன்றாம் தரப்புக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்கிற திட்டத்துக்கு மூன்றாம் வருஷம்தான் மாறினேன், படங்களும் ரசீதுகளும் கொடுத்து.

போன மாதம் கழுவும்போது இடப்பக்கப் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் பெயின்ட் ஒரு கொப்புளமாக எழும்பியிருந்ததைப் பார்த்தேன். சில் வேலை நடந்தபோது அந்த இடத்தை மட்டும் திறக்கவில்லை, காசு பற்றவில்லை. அண்ணனிடம் சொன்னேன். தீபாவளி முடியட்டும், குத்திப் பார்த்துவிடலாம் என்கிறார்.