பைண்ட், பாண்ட், பெண்ட்: எட்டிம்ஆன்லைன் தளத்தோடு என் அனுபவம்

அப்பா மதுரையில் ஒரு பைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே ‘பைண்டு’ என்ற சொல் எனக்குத் தெரியும். ஊசி, நூல், பசை வாசனை எல்லாம் சேர்ந்தது அந்தச் சொல். இப்போது பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். போன வருஷம் ஒரு மாணவி எழுந்து, “மிஸ், பைண்டுக்கும் பாண்டுக்கும் சம்பந்தம் உண்டா?” என்று கேட்டாள். அன்று இரவு எட்டிம்ஆன்லைனைத் திறந்தவள்தான், இன்றுவரை தினமும் திறக்கிறேன்.

டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொடங்கிய ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி இது. படிக்கக் காசு வேண்டாம். ஒரு சொல்லைத் தேடினால் அதன் பழைய வடிவங்கள், பொருள் மாறிய விதம், எந்தக் காலத்தில் எழுத்தில் வந்தது என்பதெல்லாம் சில வரிகளில் கிடைக்கும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே தரப்பட்டிருக்கும் வேர்ச்சொல்லையும் தட்டுங்கள். உண்மையான புதையல் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பைண்டுக்கு இந்தோ-ஐரோப்பிய (ஐரோப்பிய, வட இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான மூதாதை மொழி) வேர் ‘பெந்த்’, கட்டு என்று பொருள். பாண்ட் (பிணைப்பு), பேண்ட் (பட்டை), பண்டில் (கட்டு, மூட்டை) எல்லாம் அதே குடும்பம். வடமொழி ‘பந்த’வும் அதுவே, ‘சம்பந்தம்’ அங்கிருந்துதான் நமக்கு வந்தது. அவள் கேட்ட கேள்விக்குள்ளேயே விடை இருந்திருக்கிறது! மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது.

என்னை அசரவைத்தது ‘பெண்ட்’. வளைப்பதற்கும் கட்டுவதற்கும் என்ன உறவு? வில்லை நினைத்துப் பாருங்கள். நாணை இழுத்துக் கட்டினால் வில் வளைகிறது. கட்டுவதைச் சொன்ன சொல் மெல்ல வளைவதற்கு உரியதாகிவிட்டது. ‘பண்டானா’ என்ற தலைத்துணியின் பெயர், துணியை முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து போனது. சுங்குடிச் சேலை பார்த்து வளர்ந்த மதுரைப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

லத்தீன் ‘லிகாரே’ இன்னொரு கட்டு. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் லிகமெண்ட், நாடுகள் கூட்டுச்சேரும் லீக், ஒருவரை நம்பியிருக்கும் ரிலை, நன்றிக்கடன் பட்ட ஒப்லைஜ் எல்லாம் அதில் அடங்கும். ‘உங்களுக்குக் கட்டுப்பட்டிருக்கிறேன்’ என்று நாமும் சொல்கிறோமே, அதே எண்ணம்தான். ‘ரிலீஜன்’ பற்றிய குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ‘மீண்டும் படிப்பது’ என்று பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோ பிரித்தார். ‘கட்டுவது’ என்று பின்வந்தவர்கள் பிரித்தார்கள். இரண்டையும் தளம் வைக்கிறது. ஒன்றை மட்டும் தந்து நம்மை ஏமாற்றவில்லை.

ஓசையை நம்பி முடிவுகட்டும் பழக்கத்தையும் இது எனக்கு ஒழித்தது. ‘ஹஸ்பண்ட்’ என்பதில் கட்டு எதுவும் இல்லை. வீட்டில் குடியிருப்பவரைக் குறிக்கும் பழைய நோர்ஸ் (ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழி) சொல் அது. அடிமைத்தளையைச் சொல்லும் ‘பாண்டேஜ்’ஜும் அதே குடியிருப்பவரிடமிருந்து தொடங்கி, பின்னால்தான் ‘பாண்ட்’ பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டையும் பல வருஷம் தவறாகவே நடத்தியிருக்கிறேன்.

குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில், நிறையச் சுருக்கங்களோடு இருக்கும். பிள்ளைகளைத் தனியாக அனுப்பினால் திணறுவார்கள். ஆசிரியரோ பெற்றோரோ முதல் சில முறை கூட உட்கார வேண்டும். ‘பெந்த்’ போன்ற இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொற்கள் பல மொழிகளை ஒப்பிட்டு மீட்டமைக்கப்பட்டவை, எங்கும் எழுதிக் கிடைத்தவை அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் பிள்ளைகளைத் தேடச் சொல்ல ஒரு சொல் வேண்டுமென்றால், ‘கேட்டமரான்’. கட்டு, மரம் இரண்டும் அந்தப் பக்கத்திலேயே தமிழென்று எழுதியிருக்கும்.