வீடு மாற ஆள் பிடித்த கதை: நாலு தரம், நாலு விதம்

2012க்கும் 2025க்கும் இடையில் நாலு தரம் வீடு மாறிவிட்டேன். மட்டக்களப்பில் புளியந்தீவிலிருந்து கல்லடி, பிறகு கல்முனை, அங்கிருந்து அக்கரைப்பற்று, திரும்பவும் கல்லடி. இடமாற்றம் வருகிற வேலை, என்ன செய்வது. லொறி பிடிப்பது ஒரு விசயமே இல்லை, சந்திக்குப் போனால் பட்டா, கன்டர் லொறிகள் நிற்கும். சாமானைத் தூக்கி ஏற்றி, போகிற இடத்தில் ஒழுங்காக இறக்கித் தருகிற ஆளைப் பிடிப்பதுதான் பெரும் பாடு.

முதல் தரம் கூலிக்கு ஆளே எடுக்கவில்லை. கூட்டாளிமார் ஐந்து பேர், மாமாவின் டிரக்டர் பெட்டி, அவ்வளவுதான். புதுக் கல்லடிப் பாலம் திறக்க முந்தின காலம் அது, அந்த ஒடுக்கமான பழைய பாலத்தில் அலுமாரியோடு நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே போனோம். சும்மா வந்தவர்களை ஒன்றும் சொல்லவும் முடியாது. பதினொரு மணிக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனவன் ஒன்றரைக்கு வந்தான், அலுமாரிக் கண்ணாடி உடைந்தபோது "பரவாயில்லடா" என்று நானே ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது. புரியாணி, சோடா, பின்னேரத்துச் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் மூன்று பேருக்குக் கூலி கொடுத்திருக்கலாம்.

2016 பெப்ரவரியில் கல்முனைக்கு. பெரும்போக வெட்டு நேரம், தூக்கப் பழகின ஆட்கள் எல்லாரும் நெல்லு மூட்டைக்குப் போய்விட்டார்கள். லொறிக்காரர், "ஆக்களெல்லாம் எண்ட பொறுப்பு, நீங்க ஒண்டுக்கும் யோசியாதீங்க சேர்" என்றார். நானும் யோசிக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் முன்னுக்குப் போய் வீட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், லொறி வருகிறது, பின்னால் இருந்த இரண்டு பொடியன்களையும் காணோம். களுவாஞ்சிகுடியில் வீடாம், அங்கேயே இறங்கிவிட்டார்களாம். லொறிக்காரரைக் கேட்டால், "நீங்க ஏத்துறதுக்குத்தானே பேசின" என்கிறார். இருட்டிக்கொண்டு வந்தது. சந்தியில் நின்ற இரண்டு பேர் இரட்டைக் கூலி கேட்டார்கள், கொடுத்தேன், மெலமைன் அலுமாரியை அவர்கள் தூக்காமல் இழுத்தார்கள். அழுத்தின மரத்தூள் பலகைதானே அது, ஆணி ஒருதரம் இளகினால் அந்த ஓட்டையில் பிறகு பிடிக்காது. அம்மாவின் முதிரை அலுமாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதை யாராலும் இழுக்க முடியவில்லை.

2022 செப்டெம்பரில் அக்கரைப்பற்றுக்குப் போனபோது எரிபொருள் தட்டுப்பாடு, கியூஆர் காட்டித்தான் டீசல், கோட்டா முடிந்தால் முடிந்ததுதான். இரண்டாவது நடைக்கு வழியே இல்லை என்பதால் ஒரே நடையில் அடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று அரிசி ஆலையில் மூட்டை சுமக்கிற நாலு பேரைப் பிடித்தேன். பலத்தில் குறை சொல்ல முடியாது, இருபது நிமிடத்தில் பாதி வீடு லொறிக்குள் போய்விட்டது. ஆனால் அவர்களுக்கு எல்லாமே மூட்டைதான். பிரிட்ஜையும் படுக்கப் போட்டு மேலே மெத்தையை அடுக்கிவிட்டார்கள். படுக்கப் போட்டால் கொம்பிரசருக்குள் இருக்கிற எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும், நிமிர்த்தி வைத்து நல்லாக நேரம் விட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். அது எனக்கும் அப்போது தெரியாது. வந்து ஒரு மணித்தியாலத்தில் போட்டேன், மூன்றாம் நாள் குளிர் நின்றுவிட்டது. திருத்தின காசு நாலு பேரின் கூலியையும் தாண்டியது.

கடைசித் தரம்தான் சரியாக அமைந்தது, அதுவும் தற்செயலாக. கட்டில் வாங்கின தளபாடக் கடையில் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்து இறக்குகிற இரண்டு பேர் லீவு நாளில் வருவதாகச் சொன்னார்கள். ஆளுக்கு 5,000 ரூபா, சாப்பாடு வேறு. கூடத்தான் என்று மனதுக்குள் முனகிக்கொண்டு சரி என்றேன். வந்தவர்களில் மூத்த காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கு அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு சாமானையும் தொடாமல் முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பிறகு "அங்க ஒழுங்கைக்குள்ள லொறி போகுமா, மணலா?" என்று கேட்டார். என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கட்டிலைக் கழற்றி, ஆணிகளை ஒரு பையில் போட்டுத் தலைமாட்டுப் பலகையிலேயே கட்டினார்கள். பிரிட்ஜை நிமிர்த்தியபடி கபினோடு சேர்த்துக் கட்டினார்கள், அலுமாரிகளுக்கு நடுவில் மெத்தை, மேலே படங்கு, சமையல் சாமான் கடைசியாக. இரண்டு பேர்தான், ஒரு கோப்பைகூட உடையவில்லை.

இப்போது யாராவது கேட்டால், கடைக்காரப் பொடியன்களைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஏற்றுகிறதும் இறக்குகிறதும் சேர்த்துத்தான் இந்தக் காசு என்பதைத் தூக்குகிறவர்களுக்கு முன்னால் பேசுங்கள், லொறிக்காரரிடம் மட்டும் பேசினால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். பாரமான சாமான்களைப் படம் எடுத்து முதல் நாளே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் வந்து நின்று விலை கூட்ட மாட்டார்கள். பாதிக் காசை இறக்கி முடிந்த பிறகு கொடுங்கள்.

குறை என்றால், அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, அதுவும் ஜும்மா முடிந்து இரண்டு மணிக்குத்தான் வருவார்கள், இறக்கும்போது இரவாகிவிடும். புது வீட்டில் பல்ப் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை, கைப்பேசி வெளிச்சத்தில்தான் பாதியும் இறங்கியது. அதைவிட, வெள்ளிக்கிழமையில் வீட்டுச் சாமான் வெளியே போகக் கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்று அம்மா ஒரே பிடி. கடைசியில் வியாழக்கிழமையே விளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீரோடு அம்மா பஸ் ஏறிக் கல்லடிக்குப் போய்விட்டார். லட்சுமி முதல் நாளே போயாச்சு, இனி நீங்கள் எப்ப வந்தால் என்ன என்றார்.