ரப்பர் பட்டையா, மணல் பையா, நாற்காலியா: வார்டில் இருக்கும் பெரியவருக்கு எது சரி?

நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோனது. நிமோனியாவோடு படுத்திருப்பவருக்கு அதைவிடக் குறைவாகப் போகும் என்று நம்ப இடமில்லை. வராந்தாவில் நடக்க வைப்பது அவசியம்தான். ஆனால் தொடைக்கு வலு சேர்க்கப் பாரம் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி வார்டுகளில் அந்தப் பாரத்துக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. எங்கள் தேர்வு நாற்காலி: அதில் உட்கார்ந்து எழுவதுதான் பயிற்சி, உடம்பின் எடையே பாரம்.

இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை இலேசானது, பையில் மடித்து வைத்துக்கொள்ளலாம், கைக்கும் தோளுக்கும் நல்லது. வெயிலும் எண்ணெய்க் கையும் பட்டால் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். இழுக்கும்போது அறுந்து முகத்தில் அடிக்கும். தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மருந்து ஏற்ற நரம்பில் போட்டிருக்கும் வென்ஃப்ளான் ஊசி உள்ள கையில் சுற்றவே கூடாது.

மணல் பை எழுந்து நிற்க முடியாதவருக்கு உதவும். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, கணுக்காலில் அரை கிலோ கட்டி, முட்டியை மெதுவாக நீட்டி மடக்கச் சொல்லலாம். பை இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக் கட்டினாலும் அதே எடைதான். சர்க்கரை நோயாளிக்கும் கால் வீங்கியவருக்கும் தோல் சுலபமாகக் கிழியும். அதனால் துணி சுற்றி அதன்மேல் கட்டுங்கள். அவிழ்த்ததும் தோலைப் பாருங்கள்.

நாற்காலியை முன்னுக்கு வைப்பது ஒரே காரணத்துக்காக: பாரத்தின் அளவு. பெரியவர் வார்டில் இருப்பது ஐந்தாறு நாள். பிசியோ (உடற்பயிற்சி சிகிச்சையாளர்) வருவது ஒரு வேளை. மற்ற வேளையில் எண்ணிக்கை போடுவது மகனோ மருமகளோ. பட்டையின் வலுவைக் காட்டும் நிறம் ஒன்றாகவே இருந்தாலும், எவ்வளவு நீளம் இழுக்கிறோமோ அதைப் பொறுத்துப் பாரம் மாறும். காலையில் மகன் இழுக்கச் சொன்ன அளவு மாலையில் மருமகள் கையில் இருக்காது. நாற்காலியில் அந்தக் குழப்பம் இல்லை. உட்காரும் இடம் உயர்ந்தால் சுலபம், தாழ்ந்தால் கஷ்டம். உட்காரும் இடத்தில் கெட்டியாக மடித்த கம்பளிகளை அடுக்கி, நழுவாமல் துண்டால் கட்டிவிட்டால், 'இன்று இரண்டு மடிப்பு, எட்டு முறை' என்று யாரும் யாரிடமும் ஒப்படைக்கலாம்.

கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஈர டைல்ஸில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் ஓடிவிடும். ஹவாய் செருப்பைக் கழற்றுங்கள், வேட்டியையோ சேலையையோ தூக்கிச் செருகுங்கள். யூரின் பை இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். பெரியவர் விளிம்புக்கு நகர்ந்து, குதிகாலை முட்டிக்குச் சற்றே பின்னால் இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இறங்குவது மூன்று எண்ணும் நேரம்; தொப்பென்று உட்கார்ந்தால் பயிற்சியில் பாதி போச்சு. எட்டு முறை, இரண்டு நிமிடம் ஓய்வு, மீண்டும் எட்டு. கூட இருப்பவர் இடுப்பைத்தான் பிடிக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள்பட்டைதான் கெடும்.

பன்னிரண்டு முறை இலகுவாக வந்தால் ஒரு மடிப்பை எடுத்துவிடுங்கள். ஆறுகூட வரவில்லையென்றால் ஒரு மடிப்பைச் சேர்த்துவிடுங்கள். "என்னப்பா, எப்படி இருக்கு?" என்று கேட்டால் மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் பதிலாக வர வேண்டும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், மூச்சுத் திணறல் என்றால் உடனே நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர், காலில் ரத்தக்கட்டி உள்ளவர் டாக்டர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. இடுப்பெலும்பு அறுவை முடிந்தவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 370 உள்நோயாளிகளை வைத்து நடந்து, 2019-ல் வெளியான ஆய்வில், தினம் இரண்டு வேளைப் பயிற்சி செய்தவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். அங்கே கால் அழுத்தும் இயந்திரங்கள் இருந்தன. நம் வார்டில் அவை இல்லை என்பதால் அதே பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஆனால் நாற்காலியிலிருந்து எழுவது அந்தப் பயிற்சியிலும் ஒரு பகுதி.

சாப்பாடும் சேர வேண்டும். வெறும் கேழ்வரகுக் கூழால் தசை வராது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு முட்டை, பருப்பு, வேர்க்கடலை ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று.

வீட்டில் திண்ணை சரியான உயரமாக இருந்தால் அதுவே போதும். கயிற்றுக் கட்டில் குழிவதால் வேண்டாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவதுண்டு. டிஸ்சார்ஜ் சீட்டின் பின்புறம் கடைசி நாளின் உயரத்தையும் எண்ணிக்கையையும் எழுதி வாங்கி வைத்திருந்தால், அவர் அங்கிருந்தே தொடர்வார்.